மஞ்சளாக மாறிய ஆறு சாம்பிள்கள்: செய்தியான ஆராய்ச்சியும், செய்தியாகாத மாணவியும்

1/
இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட். டீ ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. ஒரு மாணவியோட கதை. 1986-ல் நடந்தது. நம்ம மாவட்டத்துல நடந்தது. ஆனா நம்மில் பலருக்கும் தெரியாதது.

அதுக்கு முன்னாடி, இதை இப்போ ஏன் எழுதுறேன்னு சொல்லிடறேன்.

2/
நான் கண்ணமங்கலத்தில் கிளினிக் வெச்சிருக்கேன். போன மாசம் ஒரு பெரியவர் வந்தார். 15 வருஷமா சர்க்கரை. என்கிட்ட ஒழுங்கா மாத்திரை வாங்கிச் சாப்பிடுறவர். அன்னைக்கு நாக்கு வறண்டு, தலை சுத்தி, பையன் தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். சுகர் பார்த்தா 412.

"இன்னா ஆச்சு? மாத்திரை போடறீங்களா?"

"நிறுத்திட்டேன் சார். பத்து நாளா சாமைக் கஞ்சிதான். சர்க்கரைக்கு மலைமேலேயே மருந்து கண்டுபிடிச்சிட்டாங்களாமே? போன்ல வந்துச்சு, நீங்க பாக்கலியா?"

3/
பையன் அந்த வீடியோவைக் காட்டினான். ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. ஊர்ல 14 பேருக்கு ஒரு நாள் அரிசிச் சோறு, இன்னொரு நாள் சாமைச் சோறு கொடுத்து, ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல் நுனியில் சுகர் பார்த்திருக்கார். சாமை சாப்பிட்ட நாளில் பலருக்குக் கொஞ்சம் குறைவா இருந்திருக்கு. அவ்வளவுதான். கல்லூரி புராஜெக்ட். நல்ல புராஜெக்ட்.

வீடியோவோட தலைப்பு என்ன தெரியுமா? சர்க்கரை மாத்திரைக்கே குட்பை!

லட்சக்கணக்கில் பார்வைகள்.

4/
பெரியவரை வேலூருக்கு அனுப்பி, ரெண்டு நாள் அட்மிஷன். இப்போ நல்லா இருக்கார்.

அடுத்த வாரம் அந்தப் பொண்ணே அவங்க அம்மாவோட வந்தாங்க. யாரோ விஷயத்தைச் சொல்லிட்டாங்க போல. உட்கார்ந்ததும் அழுகை. "நான் அப்படி சொல்லவே இல்ல சார். 14 பேருன்னு சொன்னேன். இன்னும் நிறைய பேருக்குப் பார்க்கணும்னு சொன்னேன். அதை எல்லாம் வெட்டிட்டாங்க சார். இனிமே புராஜெக்டே வேணாம் சார்."

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்ன கதையைத்தான் இப்போ உங்களுக்கும் சொல்றேன்.

5/
1985-ன் கடைசி. இடம்: மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். செல்லப்பன் நிர்மலா, வயது 32. மைக்ரோபயாலஜி மேற்படிப்பு மாணவி. ரெண்டு சின்னக் குழந்தைகளுக்கு அம்மா. கிராமத்தில் கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். கூச்ச சுபாவம்.

மேற்படிப்பு படிக்கிற டாக்டர்கள் எல்லாரும் ஒரு ஆய்வேடு எழுதணும். நாங்க 'தீசிஸ்'னு சொல்லுவோம். தலைப்பு கிடைக்காம நாங்க அலையுற அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். நிர்மலாவும் அப்படித் தேடிக்கிட்டு இருந்தப்போ, அவரோட பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு தலைப்பு சொன்னார்.

"எய்ட்ஸ் இங்கே இருக்கான்னு தேடிப் பாரேன்."

6/
அந்தக் காலத்தை கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. அமெரிக்காவில் 1981 ஜூனில் முதல் ஐந்து நோயாளிகள் பற்றிய அறிக்கை வந்தது. 1982-ல் எய்ட்ஸ் என்று பேர் வெச்சாங்க. 1983-ல் பாரீஸில் வைரஸைப் பிரிச்சு எடுத்தாங்க. 1985-ல்தான் ரத்தத்தில் கண்டுபிடிக்கிற டெஸ்ட்டே புழக்கத்துக்கு வந்தது. ஹெச்ஐவி என்ற பேர்கூட அப்போ கிடையாது. ஹெச்டிஎல்வி-3 என்றுதான் பலரும் சொன்னாங்க.

நம்ம ஊர் பத்திரிகைகள் என்ன எழுதின? இது ஒழுக்கம் கெட்ட மேல்நாட்டு வியாதி. நம்ம நாட்டுக்கு வராது. சில பத்திரிகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், அது இங்கே வந்து சேர்றதுக்குள்ள அமெரிக்காக்காரனே மருந்து கண்டுபிடிச்சிடுவான்னு எழுதின.

7/
இதை கவனிங்க. ஆராய்ச்சி முடிஞ்ச பிறகு மீடியா வந்து குழப்புறதைத்தான் நாம பேசுறோம். இங்கே ஆராய்ச்சி தொடங்கும் முன்னாடியே பத்திரிகைகள் முடிவை எழுதிட்டாங்க: 'இல்லை.'

நிர்மலாவுக்கே அந்த நம்பிக்கைதான். ஏற்கெனவே மும்பைப் பக்கம் நூற்றுக்கணக்கான சாம்பிள்களில் ஒண்ணுகூட பாசிட்டிவ் வரலை. "எனக்கும் நெகட்டிவ்தான் வரும் மேடம்" என்கிற நினைப்போடதான் இருந்தார். பேராசிரியர் விடலை. பார்த்துட்டுச் சொல்லுவோம்னு தைரியம் கொடுத்தார்.

அறிவியல்ல 'பார்த்துட்டுச் சொல்லுவோம்' என்பதை விடப் பெரிய வார்த்தை கிடையாதுங்க.

8/
சாம்பிளுக்கு எங்கே போறது? மும்பை, கொல்கத்தா மாதிரி சென்னையில் தனியா சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. நிர்மலா சென்னை ஜெனரல் ஹாஸ்பிடல் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போனார். அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்கள் சிலர்கிட்ட பழகினார். அவங்க படிவங்களில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'வி ஹோம்' என்று எழுதியிருந்தது.

விசாரிச்சா, அது விஜிலென்ஸ் ஹோம். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, ஜாமீன் கட்ட காசில்லாத பெண்களை அடைச்சு வைக்கிற அரசு இல்லம்.

9/
அதுக்கப்புறம் தினமும் காலையில், காலேஜ் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த ஹோமுக்கு. கணவர் ஸ்கூட்டர்ல கொண்டு விட்டார். ரெண்டு பேருக்குமே வேலையில் ஆரம்பக் கட்டம். பஸ் காசு மிச்சம்.

மூணு மாசத்தில் 80 சாம்பிள். கையுறை கிடையாது. பாதுகாப்புக் கவசம் எதுவும் கிடையாது. ரத்தம் எடுத்து, சீரம் பிரிச்சாங்க. அதுக்கு ஒரு சின்ன லேப் கூட சுனிதி சாலமன், இதய அறுவை சிகிச்சை நிபுணரான அவர் கணவர், இன்னும் சிலர் காசு போட்டு அமைச்சதுதான்.

சாம்பிளை எங்கே வெச்சார்? வீட்டு ஃப்ரிட்ஜில். ஆமாங்க. குழந்தைகளுக்குப் பால் வைக்கிற அதே ஃப்ரிட்ஜ்.

10/
சென்னையில் அந்த டெஸ்ட் வசதி இல்லை. எங்கே இருந்தது? நம்ம வேலூர் சிஎம்சியில்.

1986 பிப்ரவரி. நிர்மலாவும் கணவரும் சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் வெச்சு, ராத்திரி ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடிச்சு சிஎம்சி வந்தாங்க.

வைரலாஜி துறைத் தலைவர் டாக்டர் ஜேக்கப் ஜான், உதவிக்கு ரெண்டு இளம் டாக்டர்களைக் கொடுத்தார். ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ். காலை எட்டரைக்கு டெஸ்ட் ஆரம்பம்.

11/
டெஸ்ட் பேர் எலைசா. எளிமையா சொல்றேன். ஒரு பிளாஸ்டிக் தட்டில் பல்லாங்குழி மாதிரி குட்டிக் குட்டிக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் வைரஸின் புரதத்தைப் பூசி வெச்சிருப்பாங்க. அதில் ஒருத்தரோட சீரத்தை விடுவாங்க. அவர் உடம்பில் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தா குழியில் ஒட்டிக்கும். அப்புறம் ஒரு என்சைம், அப்புறம் ஒரு வேதிப்பொருள். ஒட்டியிருந்தா நிறம் மாறும். இல்லைன்னா மாறாது.

12/
மதியம் கரன்ட் கட். எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. முதலில் திரும்பி வந்தது நிர்மலாவும் ஜார்ஜ் பாபுவும். பாபு மூடியைத் திறந்து பார்த்துட்டு, சட்டுனு மூடிட்டாராம்.

ஆனா நிர்மலா பார்த்துட்டார். ஆறு குழிகள் மஞ்சளா மாறியிருந்தன.

சிமோஸ் வந்தார், பார்த்தார், ஜேக்கப் ஜானைக் கூப்பிட ஓடினார். அவர் வந்து கேட்ட முதல் கேள்வி: இந்த சாம்பிளை எல்லாம் எங்கே எடுத்தே?

13/
நெகட்டிவ்தான் வரும்னு நெனச்சு வந்த மாணவி, இந்தியாவுல ஹெச்ஐவி நுழைஞ்சாச்சுன்னு முதலில் பார்த்த சிலரில் ஒருத்தர்.

இப்போ நம்ம விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு மாதிரி காலமா இருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்தத் தட்டை போன்ல போட்டோ எடுத்து, சாயங்காலமே 'பிரேக்கிங்'. அடுத்த நாள் அந்த ஹோம் வாசல்ல பத்து கேமரா.

அங்கே நடந்தது வேற. நிர்மலாவையும் கணவரையும் உட்கார வெச்சு, 'இது ரொம்ப சென்சிடிவ், யார்கிட்டேயும் சொல்லக் கூடாது'ன்னு உறுதி வாங்கிக்கிட்டுத்தான் அனுப்பினாங்க.

14/
மூடி மறைக்கிறதான்னு சிலர் கேட்பீங்க. இல்லீங்க. இதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு.

ஒரு பேச்சுக்கு, 100-க்கு 99 முறை சரியா 'இல்லை' சொல்ற டெஸ்ட்னு வெச்சுக்கோங்க. நோயே இல்லாத ஒரு ஊரில் 1000 பேருக்கு அதைச் செய்தா, 10 பேருக்கு 'இருக்கு'ன்னு காட்டும். பத்துமே பொய். நோய் அரிதா இருக்கிற இடத்தில் முதல் டெஸ்ட்டை மட்டும் நம்பினா இதுதான் நடக்கும். அதனாலதான் எலைசா ஸ்கிரீனிங் டெஸ்ட். அதாவது சல்லடை. சல்லடையில் தங்கினது எல்லாம் கல் ஆகாது. எடுத்து, கடிச்சுப் பார்க்கணும்.

15/
அவங்க கடிச்சுப் பார்த்தாங்க. நிர்மலா சென்னை திரும்பி பேராசிரியர்கிட்ட சொன்னார். இந்த முறை சுனிதி சாலமன், பாபு, சிமோஸ் எல்லாருமா அதே ஹோமுக்குப் போய், அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தாங்க. சிமோஸ் அதை அமெரிக்காவுக்கு எடுத்துட்டுப் போனார். அங்கே வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதி செய்யும் டெஸ்ட். அதிலும் பாசிட்டிவ்.

அதுக்கப்புறம்தான் ஐசிஎம்ஆருக்குத் தகவல். அவங்க மூலமா பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழக சுகாதார அமைச்சர் ஹெச்.வி. ஹண்டேவுக்கும்.

பிப்ரவரியில் நிறம் மாறினது, மே மாசம் சட்டசபையில் அறிவிப்பாச்சு. நடுவில் சில மாசம். அந்த சில மாசம்தான் ஆராய்ச்சிக்கும் வதந்திக்கும் உள்ள தூரம்.

16/
1986 மே. எம்.ஜி.ஆர் ஆட்சி. ஹண்டே (அவரும் ஒரு டாக்டர்தான்) சபையில் எழுந்து அறிவிச்சார். பார்வையாளர் மாடத்தில் சுனிதி சாலமனும் நிர்மலாவும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த சாம்பிள், நாட்டையே உலுக்கின செய்தி ஆயிடுச்சு.

யாரும் பாராட்டலை. முதலில் வந்தது கோபம். டெஸ்ட் தப்பு, டாக்டர்கள் தப்பு பண்ணிட்டாங்க, தமிழ்நாட்டைக் கேவலப்படுத்துறாங்க. சுனிதி சாலமன் மேல தனியா ஒரு கோபம்: எங்கிருந்தோ வந்த வடக்கத்திப் பொம்பளை நம்மள அசிங்கம்னு சொல்றா. இத்தனைக்கும் அவர் சென்னையில் குடியேறிய மராத்திக் குடும்பத்தில் பிறந்து, நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜிலேயே படிச்சவர்!

17/
அந்த அடியை பேராசிரியர் வாங்கிக்கிட்டார். மாணவி என்ன பண்ணினார்? படிக்கப் போயிட்டார்.

நிஜமாதாங்க. தீசிஸ் முடிக்கணும், பரீட்சை எழுதணும். தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு பற்றிய ஆய்வேட்டை 1987 மார்ச்சில் சமர்ப்பிச்சு பாஸ் பண்ணினார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசி தயாரிப்புப் பிரிவில் சேர்ந்தார். 2010-ல் ஓய்வு.

அந்தக் கண்டுபிடிப்பு 1987-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் கட்டுரையா வந்தது. ஆசிரியர் வரிசையில் நிர்மலாவின் பேர் நாலாவது.

18/
அப்போ ஒண்ணு ரெண்டு பத்திரிகையில் பேர் வந்ததோட சரி. 30 வருஷம் கழிச்சு, 2016-ல் பிபிசி அவரைத் தேடிப் போய் எழுதினப்போதான் பலருக்கும் (எனக்கும்தான்!) இப்படி ஒருத்தர் இருக்கார்னே தெரிஞ்சது. அவருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்த மாதிரி தெரியலை. கிராமத்துல வளர்ந்தவ, சமூகத்துக்கு ஏதோ செய்ய வாய்ப்பு கிடைச்சது, அதுவே சந்தோஷம் என்கிற ரீதியில்தான் பேசியிருந்தார்.

அவருக்கு வருத்தம் இல்லை. நமக்கு இருக்கணும்.

19/
இந்த இடத்தில் நம்ம மலைக்கு ஒரு நிமிஷம் வாங்க.

நான் உட்கார்ந்திருக்கிற கண்ணமங்கலம் ஜவ்வாது மலை அடிவாரம். வடக்கே கணியம்பாடி தாண்டினா வேலூர். மலைக்கு அந்தப் பக்கம், ஆலங்காயத்துக்கு மேலே காவலூர் வானாய்வகம். 1986-ல் இந்த மூணு ஊருமே ஒரே மாவட்டம், வட ஆற்காடு.

1986 ஜனவரி 6. பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து, 2.34 மீட்டர் தொலைநோக்கியை நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அதுக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்பு பேரை வெச்சார். பிரதமர் வந்தா கேட்கணுமா? மலையே திருவிழா.

அடுத்த மாசம் அதே மாவட்டத்தில், ஒரு கேமராகூட இல்லாத அறையில், ஆறு குழி மஞ்சளா மாறிச்சு.

20/
இந்த வைணு பாப்பு யார்? அவரும் ஒரு காலத்தில் செய்தியில் வந்த மாணவர்தான். 1949 ஜூலையில், ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவரா சேர்ந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. 21 வயசு. ராத்திரி வானத்தைப் படம் எடுத்த தட்டில் ஒரு புது வால்நட்சத்திரம். பேராசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகிர்க் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து உறுதி பண்ணினாங்க. வால்நட்சத்திரத்துக்கு என்ன பேர் தெரியுமா?

பாப்பு-போக்-நியூகிர்க்.

முதலில் மாணவர் பேர், அப்புறம்தான் பேராசிரியர் பேர். பசிபிக் வானியல் சங்கம் அவருக்குப் பதக்கமும் கொடுத்தது.

வால்நட்சத்திரத்துக்குக் கண்டவர் பேரையே வைக்கிற மரபு இருக்கு. மருத்துவ ஆராய்ச்சியில் அப்படி ஒரு மரபு இல்லை. மாணவர் பேர் எந்த இடத்தில் வரும் என்பது மத்தவங்க மனசைப் பொறுத்தது.

21/
பேர் வந்தா மட்டும் போதுமா? அதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி 1967-ல் பல்சாரைக் கண்டுபிடிச்சார். 1968 பிப்ரவரியில் செய்தி வந்ததும் நிருபர்கள் படையெடுத்தாங்க. பேராசிரியர் ஹியூவிஷ்கிட்ட அறிவியல் கேள்வி. மாணவிகிட்ட? எத்தனை காதலர்கள், உடம்பு அளவு என்ன, முடியோட நிறத்தை என்னன்னு எழுதறது. போட்டோ எடுக்க வந்தவர் சட்டையில் இன்னும் ஒரு பட்டனைக் கழட்டச் சொன்னதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

1974 நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் இன்னொரு பேராசிரியருக்கும் போச்சு. 2018-ல் 30 லட்சம் டாலர் பரிசு ஒண்ணு ஜோசலின் பெல்லுக்கு வந்தப்போ, வாய்ப்பு கிடைக்காத இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையா அப்படியே கொடுத்துட்டார்.

22/
திரும்ப சென்னைக்கு வர்றேன். இந்தக் கதையில் எனக்கு உறுத்துற ஒரு இடம் இருக்கு. சொல்லாம விட்டா நேர்மை ஆகாது.

அந்த ஹோம் பெண்கள். எதுக்கு ரத்தம் எடுக்கிறாங்கன்னு அவங்களுக்குச் சொல்லப்படலை. வழக்கமான பால்வினை நோய் டெஸ்ட்னு நெனச்சாங்க. நிர்மலாவே அதை வெளிப்படையா சொல்லியிருக்கார். அன்னைக்கு நடைமுறை அப்படி. இன்னைக்கு ஒரு மாணவர் அப்படிச் செய்தா எந்த எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்காது. 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் அமலான ஹெச்ஐவி-எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்றதும் தப்பு, பேரை வெளியிடறதும் தப்பு.

23/
செய்தி வெளியானதும் நாடு முழுக்க பயம். ஆனா அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? ஹெச்ஐவி இருக்குன்னு தெரிஞ்ச பெண்களை, தண்டனைக் காலம் முடிஞ்ச பிறகும் ஹோமை விட்டு வெளியே விடலை. வெளியே விட்டா நோய் பரவிடுமாம். நோயாளி கைதி ஆயிட்டாங்க.

இதை வெளியில் கொண்டு வந்தது யார் தெரியுமா? ஒரு பத்திரிகையாளர். சென்னையைச் சேர்ந்த சியாமளா நடராஜ். எழுதினதோட நிக்காம கோர்ட்டுக்கும் போனார். 1990-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்களை விடுவிக்கச் சொன்னது.

24/
அதனாலதான் 'மீடியான்னாலே மோசம்'னு நான் சொல்ல மாட்டேன். இங்கே வராதுன்னு எழுதினதும் பத்திரிகைதான். கதவைத் திறந்து விட்டதும் ஒரு பத்திரிகையாளர்தான். 30 வருஷம் கழிச்சு நிர்மலாவைக் கண்டுபிடிச்சு நமக்குச் சொன்னதும் ஒரு பத்திரிகையாளர்தான்.

வித்தியாசம் என்னன்னா, முதல் ஆள் கேட்காமலே எழுதினார். மத்த ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு எழுதினாங்க. நிர்மலா செஞ்ச அதே வேலை. பார்த்துட்டுச் சொல்றது.

25/
அந்த ஆறு குழிகளால் என்ன ஆச்சு? நாட்டில் பரிசோதனையும் விழிப்புணர்வும் பெரிய அளவில் ஆரம்பிச்சது. சுனிதி சாலமன் 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, மத்தவங்க தொடவே பயந்த நோயாளிகளைக் கடைசி வரை பார்த்தார். 2015-ல் மறைந்தார். 2017-ல் பத்மஸ்ரீ. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவச ஏஆர்டி மருந்து வந்தது. இன்னைக்கு மாத்திரையை ஒழுங்கா போடுற ஹெச்ஐவி நோயாளி, என் சர்க்கரை நோயாளி மாதிரியே வேலைக்குப் போறார், பேரன் பேத்தி பார்க்கிறார்.

வைரஸ் இங்கே இருக்குன்னு தெரியாமலே இன்னும் நாலஞ்சு வருஷம் போயிருந்தா? எத்தனை ரத்த பாட்டில், எத்தனை பிரசவம், எத்தனை ஊசி... யோசிச்சுப் பாருங்க.

26/
சரி, நம்ம சாமைப் பொண்ணுக்கு வருவோம். அவங்களுக்கு நான் சொன்னதை, ஆராய்ச்சி பண்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்றேன்.

1) மைக் முன்னாடி போறதுக்கு முன்னாடி ரெண்டு வாக்கியம் எழுதி வெச்சுக்கோங்க. ஒண்ணு, நான் என்ன பார்த்தேன், எத்தனை பேரிடம். ரெண்டு, இதை வெச்சு என்ன சொல்ல முடியாது. எதை வெட்டினாலும் ரெண்டாவது வாக்கியத்தை வெட்டக் கூடாதுன்னு கேட்டுக்கோங்க. ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்க. வெட்டறது கஷ்டம்.

2) உங்க பேராசிரியருக்குத் தெரியாம பேட்டி கொடுக்காதீங்க. அனுமதிக்காக மட்டும் இல்லை. அடி விழும்போது பக்கத்தில் நிக்க ஒரு சுனிதி சாலமன் வேணும்.

27/
3) உறுதி ஆகாததைச் சொல்லாதீங்க. 'இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கோம்'னு சொல்றது அவமானம் இல்லை. அதுதான் அறிவியல்.

4) உங்களுக்கு ரத்தம் கொடுத்தவங்க, விரலை நீட்டினவங்க பேர், முகம், தெரு எதுவும் வெளியே போகக் கூடாது. நீங்க அடுத்த வருஷம் பட்டம் வாங்கிட்டுப் போயிடுவீங்க. அவங்க அதே ஊரில்தான் இருக்கணும்.

5) தப்பா போட்டுட்டாங்களா? அழாதீங்க. எழுத்தில் திருத்தம் கேளுங்க. கிடைக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. ஆராய்ச்சியை மட்டும் விட்டுடாதீங்க.

28/
படிக்கிற நமக்கும் ஒண்ணு இருக்கு. மருத்துவச் செய்தி வந்தா மூணு கேள்வி கேளுங்க. எத்தனை பேரிடம் பார்த்தாங்க? வேற யாராவது பார்த்து உறுதி பண்ணினாங்களா? இதை நம்பி நான் எதையாவது நிறுத்தப் போறேனா? மூணாவது கேள்விக்கு 'ஆமா' என்றால், முதலில் உங்க டாக்டர்கிட்ட வாங்க. சாமை நல்ல உணவு. தாராளமா சாப்பிடுங்க. மாத்திரையோட சேர்த்து சாப்பிடுங்க.

29/
அந்தப் பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "சார், உங்க கிளினிக்லேயே ஒரு வீடியோ எடுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. ஒரு நிமிஷ வீடியோ. "நான் 14 பேரிடம்தான் பார்த்தேன். வித்தியாசம் கொஞ்சம்தான். சர்க்கரை மாத்திரையை யாரும் நிறுத்தாதீங்க. அடுத்து இன்னும் நிறைய பேரிடம் பார்க்கப் போறேன், அப்புறம் சொல்றேன்." அம்மாதான் போனைப் பிடிச்சாங்க.

பழைய வீடியோ லட்சக்கணக்கில் போச்சு. இது நேத்து வரைக்கும் முன்னூத்தி சொச்சம். ஆனா அந்த முன்னூத்தில் ஒருத்தர் நம்ம பெரியவர். நேத்து செக்கப்புக்கு வந்தப்போ அவரே காட்டினார். "பாவம் சார் அந்தக் கொயந்த, அது ஒண்ணும் தப்பா சொல்லல. நான்தான் முழுசா கேக்கல" என்றார்.

சுகர் 168. குறையணும். குறையும்.

30/
1986-ல் வேலூரில் அந்த ஆறு குழிகளைப் பார்த்த மாணவியின் பேர் செல்லப்பன் நிர்மலா. இந்தப் பேரை இன்னைக்கு வீட்டில் ஒரு பிள்ளைக்காவது சொல்லுங்க. த்ரெட்டைப் பகிர்றதை விட அது எனக்குப் பெரிய சந்தோஷம்.



உங்கள் டாக்டர்,
கண்ணமங்கலம்.